நிலையத்து வண்டியும் மலைவழிச் சாலையும்

ஊர்திகளின் வரலாறு பெரும்பாலும் விரைவின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எந்த ஆண்டில் எந்த வண்டி ஒரு மணி நேரத்தில் எத்தனை மைல் ஓடியது என்பதே அவ்வரலாற்றின் அளவுகோல். ஆனால் ஊர்தி செல்வதற்கு மட்டும் உரியதன்று, சுமப்பதற்கும் உரியது. சங்க இலக்கியம் காட்டும் உமணர் வண்டிகளை நினைவுகூர்ந்தால் இவ்வுண்மை விளங்கும். மேடும் பள்ளமும் மிக்க வழியில் அச்சு முறியக்கூடும் என்று கருதி, சேம அச்சொன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்ற உமணரின் முன்னறிவைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பதிவு செய்துள்ளார். அந்த அச்சைக் கொண்டே வழியின் கடுமையையும் வணிகரின் வாழ்வையும் நாம் அறிகிறோம். ஒரு வண்டி எதைச் சுமந்தது, எவ்வழியில் சென்றது என்று கேட்டால், அக்காலச் சமுதாயமே விடை கூறத் தொடங்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் இக்கேள்விக்கு மிகுந்த விடைகளைத் தரக்கூடிய ஊர்தி ஸ்டேஷன் வேகன் ஆகும். இன்று பழைய ஊர்திகளைப் போற்றுவோர் அதனை மெருகேற்றி, மலையும் காடும் சூழ்ந்த கிளைச்சாலைகளில் மெல்ல ஓட்டி மகிழ்கின்றனர். அந்த மகிழ்ச்சி குறை சொல்லத்தக்கதன்று. ஆயினும் அவ்வண்டியும் அச்சாலையும் தம்முள் மறைத்து வைத்திருக்கும் செய்திகள் பல. அவற்றை வரன்முறையாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த வழி

ஸ்டேஷன் வேகன் என்பதன் நேர்பொருள் நிலையத்து வண்டி என்பதாகும். நிலையம் என்றது புகைவண்டி நிலையத்தை. அமெரிக்காவில் நெடுந்தொலைவுப் பயணம் முழுவதும் இருப்புப்பாதையையே நம்பியிருந்த காலத்தில், நிலையத்தில் இறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் விடுதிக்கோ பண்ணை இல்லத்திற்கோ கொண்டு சேர்ப்பதற்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. முதலில் குதிரைகள் அதனை இழுத்தன. பின்னர் மோட்டார் அவ்விடத்தைப் பெற்றது. டிப்போ ஹேக் என்று அதற்கு மற்றொரு பெயரும் உண்டு. டிப்போ என்பதும் புகைவண்டி நிலையத்தையே குறிக்கும். ஹேக் என்பது வாடகைக் குதிரைவண்டியைக் குறித்த சொல்லின் குறுக்கம்.

ஹென்றி ஃபோர்டு 1908இல் மாடல் டி என்னும் மகிழுந்தை வெளியிட்டபோது, சிற்றூர்த் தச்சர்களுக்குப் புதியதொரு தொழில் கிடைத்தது. இயந்திரமும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி வந்து, அதன்மேல் மரத்தால் மேடையும் இருக்கைகளும் கூரையும் அமைத்துத் தருவது அவர்கள் வேலையாயிற்று. பக்கங்களில் கண்ணாடி இல்லை. மழை வந்தால் சுருட்டி வைத்திருக்கும் திரைகளை அவிழ்த்துவிட வேண்டும். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் மூட்டை ஏற்றலாம். ஆகவே தொடக்கத்தில் இவ்வண்டி செல்வர் உலாச் செல்லும் ஊர்தியாக மதிக்கப்படவில்லை, வேலைவண்டியாகவே மதிக்கப்பட்டது.

1923இல் ஸ்டார் என்னும் நிறுவனம் ஸ்டேஷன் வேகனைத் தன் சொந்தப் பட்டியலில் சேர்த்து விற்கத் தொடங்கியது. 1929இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் ஏ வரிசையில் ஸ்டேஷன் வேகனை அறிமுகம் செய்தது. ஊர்த்தச்சரின் கைவேலையாக இருந்தது, அவ்வாறு பெருந்தொழிற்சாலையின் விளைபொருளாயிற்று. எனினும் உடல் மரமாகவே நீடித்தது.

காட்டில் பிறந்த உடல்

எஃகுத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் அச்சுகளைச் செய்யப் பெரும்பொருள் செலவாகும். ஆயிரக்கணக்கில் விற்கும் சாதாரண மகிழுந்துக்கு அச்செலவு கட்டும். குறைந்த எண்ணிக்கையில் விற்ற ஸ்டேஷன் வேகனுக்குக் கட்டாது. மரத்தையோ அறுத்து இழைத்துப் பொருத்திவிடலாம். ஸ்டேஷன் வேகன் மரவுடல் பெற்றதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. அழகு பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது, சிக்கனமே முதற்காரணம்.

அந்த மரத்தின் பிறப்பிடம் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியாகிய மேல் தீபகற்பம். 1920ஆம் ஆண்டளவில் ஃபோர்டு அங்கு 3 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தை வாங்கினார். அயன் மவுண்டன் என்னும் ஊரையொட்டி மரம் அறுக்கும் ஆலையும் உலர்த்தும் சூளைகளும் எழுந்தன. மேப்பிள், பிர்ச் போன்ற வன்மரங்கள் சட்டங்களாயின. பிர்ச், மகாகனி ஆகியவற்றின் ஒட்டுப்பலகைகள் பக்கத் தகடுகளாயின. மரத்தின் இழையோட்டத்தைப் பார்த்துப் பலகைகளை இணை சேர்ப்பதும், சட்டங்களின் மூட்டுவாயை விரல் கோத்ததுபோல் இணைப்பதும் அங்கிருந்த தொழிலாளரின் கைத்திறன்.

ஆலையில் எஞ்சிய மரத்தூளையும் சிராய்களையும் ஃபோர்டு வீணாக்கவில்லை. அவற்றை எரித்து வடித்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். மிஞ்சிய கரியை அழுத்திக் கரிக்கட்டிகளாக்கினார். அக்கரிக்கட்டிகள் ஃபோர்டு மகிழுந்து விற்கும் கடைகளிலேயே விற்கப்பட்டன. வண்டியில் ஏறிக் காட்டுவழியே சென்று, மர நிழலில் இறங்கி, அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டு உண்ட அமெரிக்கக் குடும்பம், தன் வண்டியின் உடலில் இருந்த மரமும் தன் அடுப்பில் எரியும் கரியும் ஒரே காட்டின் இருவேறு பங்குகளாக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திருக்குமோ, இல்லையோ! இவ்வாலையின் பொருட்டு எழுந்த ஊருக்கு, ஃபோர்டு குடும்பத்தோடு மணவுறவு கொண்ட எட்வர்டு கிங்ஸ்ஃபோர்டின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் இன்றும் அமெரிக்கச் சந்தையில் கரியின் பெயராக வழங்கி வருகிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதே ஆலையின் தச்சுத்திறன் போர்ப்பணிக்குத் திருப்பப்பட்டது. படைவீரரைப் பகைவர் நிலத்தில் ஓசையின்றி இறக்கும் மரவுடல் கொண்ட மிதவை வானூர்திகள் 4,190 அங்குச் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் மீண்டும் வேகன்கள் வந்தன. ஆனால் அவற்றின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன.

மரம் போய் மரத்தின் படம் வந்தது

மரவண்டியை வைத்துக் காப்பது எளிதன்று. வெயில் வார்னிஷை உரிக்கும். மழைநீர் மூட்டுவாயில் இறங்கி மரத்தை மக்கச் செய்யும். ஆண்டுதோறும் பழைய பூச்சைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூசவேண்டும். கோடையில் மரம் சுருங்கும், ஈரக்காற்றில் உப்பும். ஆணிகளும் திருகுகளும் தளர, வண்டி முனகத் தொடங்கும். வேலையாள் வைத்திருந்த பண்ணை இல்லத்தார்க்கு இஃது ஒரு பொருட்டன்று. போருக்குப்பின் புறநகர்களில் குடியேறிய நடுத்தரக் குடும்பங்களுக்கோ இது தாங்க முடியாத தொல்லை.

1946இல் வில்லிஸ் நிறுவனம், புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த முழு எஃகு ஸ்டேஷன் வேகனை வெளியிட்டது. 1949இல் பிளிமத் நிறுவனமும் மகிழுந்து வரிசையிலேயே எஃகு வேகன் ஒன்றைக் கொண்டுவந்தது. 1951இல் அயன் மவுண்டன் ஆலையை ஃபோர்டு நிறுவனம் மூடியது. 1953ஆம் ஆண்டின் பியூக் வேகனோடு, அமெரிக்கப் பெருநிறுவனங்களின் மெய்யான மரவுடல் மரபு முடிவுற்றது. கடல்கடந்த இங்கிலாந்தில் மட்டும் மாரிஸ் மைனர் டிராவலர் என்னும் சிறிய வண்டி, ஆஷ் மரச் சட்டங்களோடு 1953 முதல் 1971 வரை உற்பத்தியாகி வந்தது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மரம் போயிற்று, ஆனால் மரத்தின் தோற்றம் போகவில்லை. வில்லிஸ் வேகனின் எஃகுப் பக்கங்கள், மரச்சட்டமும் பலகையும் போன்று தோன்றுமாறு வண்ணம் தீட்டப்பட்டன. 1950இல் வெளிவந்த ஃபோர்டின் கன்ட்ரி ஸ்குவயர் முதலில் மெய்யான மரத்தைக் கொண்டிருந்தது. 1952இல் எஃகுடலின்மேல் மர இழையை அச்சிட்ட மென்படலம் ஒட்டப்பட்டது. ஆலை மூடிய மறு ஆண்டே ஆலையின் நினைவு படமாயிற்று! 1991வரை அப்பெயர் தாங்கிய வண்டிகள் வந்துகொண்டிருந்தன. நாட்டுப்புற நிலக்கிழார் என்பது அப்பெயரின் பொருள். புறநகரின் சிறுவீட்டில் வாழ்ந்தவர், தாம் ஒருபோதும் பெற்றிராத பண்ணை இல்லத்தின் பெருமையைத் தம் வண்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு வலம் வந்தார் எனலாம்.

இதைப் போலி என்று இகழ்ந்து ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இழந்துவிட்ட ஒன்றன் படத்தை மக்கள் தம்முடன் வைத்துக்கொள்ள விரும்பினர் என்பதும் வரலாற்றுச் செய்தியே. அந்த விருப்பம் வண்டியோடு நின்றுவிடவில்லை, சாலையிலும் வெளிப்பட்டது.

காட்சிக்காகவே அமைந்த சாலைகள்

பொருளியல் வீழ்ச்சியால் கோடிக்கணக்கானோர் வேலையிழந்த 1930களில், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு வேலைவாய்ப்புக்காகப் பல பொதுப்பணிகளைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று புளூ ரிட்ஜ் பார்க்வே என்னும் மலைவழிச் சாலை. 1935 செப்டம்பர் 11 அன்று வடகரோலினாவில் இதன் பணி தொடங்கியது. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவையும் வடகரோலினாவின் கிரேட் ஸ்மோக்கி மலைப்பூங்காவையும் இணைக்கும் இதன் நீளம் 469 மைல். மிக உயர்ந்த இடத்தில் இது 6,053 அடியை எட்டுகிறது. 26 சுரங்கவழிகளைக் கொண்டுள்ளது. வழியில் விளம்பரப் பலகைகள் இல்லை. சரக்கு வண்டிகளுக்கு இடமில்லை. மணிக்கு 45 மைலுக்கு மேல் செல்லுதல் கூடாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரைந்து செல்வதற்காக அன்றி, செல்லும்போது காண்பதற்காகவே அமைக்கப்பட்ட சாலை இது. நிலக்காட்சிக் கலைஞரான ஸ்டான்லி அபட் இதன் வடிவமைப்பை வழிநடத்தினார். வளைவு எங்கே திரும்பவேண்டும், மரத்திரை எங்கே விலகிப் பள்ளத்தாக்கைக் காட்டவேண்டும் என்பதெல்லாம் திட்டமிட்டு அமைந்தவை. கடைசிப் பகுதியாகிய லின் கோவ் பாலம் முடிவுற்று, 1987இல்தான் சாலை முழுமை பெற்றது.

இச்சாலையில் 176ஆம் மைலை அடுத்து மாப்ரி ஆலை என்னும் நீராலை ஒன்று உள்ளது. நிழற்படம் எடுப்போர் விரும்பி நிற்கும் இடம் அது. எட் மாப்ரி என்பவர் நடத்திய அவ்வாலையின் அருகே, அவர் மனைவியுடன் வாழ்ந்த வீடு பலகை வேய்ந்த சாதாரண இருமாடி வீடு. மலைநாட்டு முன்னோடிகளின் வாழ்வு என்று வெளியார் மனத்தில் இருந்த படத்திற்கு அது பொருந்தவில்லை. ஆகவே அவ்வீடு அகற்றப்பட்டது. பின்னர் 1950களில் வேறோர் இடத்திலிருந்து உருண்டை மரங்களை அடுக்கிக் கட்டிய பழங்குடில் ஒன்று கொணர்ந்து அங்கு நிறுவப்பட்டது. அவ்வாறு மெய்யான வீடு போய், வீட்டின் படம் வந்தது. எஃகு வண்டியின்மேல் மரப்படலத்தை ஒட்டிய அதே மனநிலை, சாலையோரத்தில் குடிலை ஒட்டியது என்று கூறினால் மிகையாகாது.

ஷெனன்டோவா பூங்காவின் கதை இதனினும் கடுமையானது. அங்கு மலைமுகட்டின் வழியே 105 மைல் செல்லும் ஸ்கைலைன் டிரைவ் சாலை 1930களில் திறக்கப்பட்டது. அப்பூங்காவை 1936 ஜூலை 3 அன்று ரூஸ்வெல்ட் நாட்டுக்கு உரித்தாக்கினார். அதற்காக வர்ஜீனியா அரசு நிலங்களைச் சட்டத்தின் வழியே கையகப்படுத்தியது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் தம் மலைவீடுகளை விட்டு இறங்க நேர்ந்தது. முதியோர் சிலர் மட்டும் தம் வாழ்நாள்வரை அங்கிருக்க இசைவு பெற்றனர்; அவருள் கடைசியானவர் 1979இல் மறைந்தார். புளூ ரிட்ஜ் சாலையின் தென்கோடியில் செரோக்கிப் பழங்குடி மக்களும் தம் நிலத்தின் வழியே சாலை செல்லும் முறையை எதிர்த்து நின்றனர். 1930களின் இறுதிவரை நீண்ட வாதங்களுக்குப் பின்னரே உடன்பாடு ஏற்பட்டது. மனிதர் வாழாத தூய இயற்கை என்று பயணி கண்டு வியந்த காடு, மனிதர் அகற்றப்பட்டதால் அமைந்த காடு என்பதை மறந்துவிடலாகாது.

வண்டிக்குள் கட்டிவைத்த சோறு

ஸ்டேஷன் வேகனின் புகழ்க்காலம் 1950களும் 1960களும் ஆகும். 1955இல் ஷெவர்லே நிறுவனத்தின் நோமாட் அழகுக்குப் பெயர்பெற்றது. 1957இல் பிளிமத் வேகனின் மூன்றாம் இருக்கை பின்னோக்கி அமைக்கப்பட்டது; கடந்துபோன சாலையைப் பார்த்துக்கொண்டே செல்லும் புதுமை குழந்தைகளுக்கு வாய்த்தது. ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனத்தின் விஸ்டா குரூசர் கூரையிலேயே கண்ணாடி பெற்றது. மலைக்காட்சி காண அமைந்த புகைவண்டிப் பெட்டிகளின் கண்ணாடிக் கூரையை அது நினைவூட்டியது. 1966இல் ஃபோர்டு, கீழ்நோக்கி மடங்கவும் பக்கவாட்டில் திறக்கவும் வல்ல பின்கதவை அமைத்தது. தந்தை ஓட்ட, தாய் நிலப்படம் பார்க்க, பிள்ளைகள் பின்னால் கூச்சலிட, கோடை விடுமுறையில் மலைக்குச் செல்லும் குடும்பம் என்பது விளம்பரங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்ற காட்சி.

அக்காட்சியில் இருந்த முகங்கள் வெள்ளையர் முகங்களே. அதே ஆண்டுகளில் அதே சாலைகளில் கறுப்பினக் குடும்பங்களும் சென்றன. தென்மாநிலங்களில் விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுத்தன. உணவகங்கள் பின்வாசலைக் காட்டின. பெட்ரோல் விற்ற இடத்திலேயே கழிப்பறையைப் பயன்படுத்த இசைவு கிடைக்காமற்போவதும் உண்டு. பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தார் இருத்தல் கூடாது என்று விலக்கிய ஊர்களும் இருந்தன. ஆகவே அக்குடும்பங்கள் உணவைக் கட்டிக்கொண்டு, தண்ணீரும் போர்வையும் கூடுதல் பெட்ரோலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. பெரிய மகிழுந்தும் ஸ்டேஷன் வேகனும் அவர்களுக்கு வண்டி மட்டும் அல்ல. சமையலறையும் படுக்கையறையும் அரணும் ஆகும். வெள்ளைக் குடும்பம் விரும்பி மேற்கொண்ட வனபோசனம், கறுப்பினக் குடும்பத்திற்கு வேறு வழியின்மையால் நேர்ந்த வனபோசனமாயிற்று.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் அஞ்சல்காரர், கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதி, உணவகம், பழுதுபார்ப்பகம் ஆகியவற்றைத் தொகுத்து 1936இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். கிரீன் புக் எனப்பட்ட அது, போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நின்றது நீங்கலாக, 1960களின் நடுப்பகுதிவரை தொடர்ந்து வந்தது. ஸ்கைலைன் டிரைவ் சாலையிலோ, 1939இல் லூயிஸ் மலை என்னுமிடத்தில் கறுப்பினத்தார்க்கெனத் தனியே ஒதுக்கிய தங்குமிடம் திறக்கப்பட்டது. எல்லார்க்கும் பொதுவான மலைக்காட்சிக்கு நடுவே இப்படியும் ஒரு வேலி இருந்தது. 1950ஆம் ஆண்டளவில் பூங்காவில் அப்பிரிவினை நீங்கியது; நாடு முழுவதும் பொதுவிடங்களில் இப்பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1964இல்தான் வந்தது.

விரைவுச்சாலையும் வேகனின் மறைவும்

1956 ஜூன் 29 அன்று ஐசனோவர் ஒப்பமிட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் விரைவுச்சாலைகளுக்கு வழிவகுத்தது. ஊருக்குள் புகாமல், குறுக்குச் சந்திப்பு இல்லாமல், நேர்கோட்டில் விரையும் சாலைகள் எழுந்தன. ஸ்டேஷன் வேகனில் ஏறிய குடும்பம் இனி நெடுந்தொலைவை விரைந்து கடக்கலாம் என்ற நிலை வந்தது. அதன் விளைவு இருமுனையில் வெளிப்பட்டது. ஒருபுறம் பழைய சாலைகளை நம்பியிருந்த ஊர்களும் கடைகளும் வாடின. சிகாகோவையும் கலிபோர்னியாவையும் 1926 முதல் இணைத்து வந்த 66ஆம் எண் நெடுஞ்சாலை 1985இல் அதிகாரப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. மறுபுறம் பயணிப் புகைவண்டிகள் நலிந்தன. தனியார் நிறுவனங்கள் கைவிட்ட அச்சேவையை 1971 மே 1 முதல் ஆம்ட்ராக் என்னும் பொது அமைப்பு ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. புகைவண்டிப் பயணியைச் சுமக்கப் பிறந்த நிலையத்து வண்டி, தன் பெயருக்குக் காரணமான நிலையங்கள் பலவும் வெறிச்சோடியதைக் காண நேர்ந்தது. அம்மாற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு.

பின்னர் அதன் முறையும் வந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி, பெருத்த உடலும் மிகுந்த எரிபொருட் செலவும் கொண்ட வேகன்களைத் தாக்கியது. 1975இல் மகிழுந்துகளுக்கு எரிபொருள் சிக்கன அளவை விதித்த சட்டம், சிறு சரக்குந்துகளைத் தனியே வகைப்படுத்தியது. 1983இன் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டுவந்த மினிவேன் அத்தனி வகையில் இடம்பெற்றது. குடும்பங்கள் அதற்கு மாறின. 1996இல் பியூக் ரோட்மாஸ்டர், ஷெவர்லே கப்ரீஸ் ஆகிய பெருவேகன்களின் உற்பத்தி நின்றது. அவற்றோடு அமெரிக்கப் பெருவேகன் மரபு ஓய்ந்தது.

பழைய வண்டியும் பழைய வழியும்

மறைந்த பொருளுக்கு மறுவாழ்வு வேறு வழியில் வருவதுண்டு. 1950களிலேயே கலிபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய இளைஞர்கள், எவரும் விரும்பாத பழைய மரவேகன்களை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினர். நீண்ட பலகையை ஏற்ற அவை ஏற்றவையாக இருந்தன. நாளடைவில் அவ்வண்டிகளைப் புதுப்பித்துப் போற்றும் சங்கங்கள் தோன்றின. சாலைகளுக்கும் அத்தகைய மறுமதிப்பு வந்தது. நிலப்படத்தில் நீலக்கோடாகக் குறித்த சிறுசாலைகளின் வழியே 1978இல் நாட்டைச் சுற்றிவந்த வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன், தம் பயணநூலை 1982இல் வெளியிட்டார். 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காட்சிச் சாலைகளைத் தேர்ந்து பேணும் தேசியத் திட்டத்தைத் தோற்றுவித்தது.

பழைய வண்டி பழைய சாலையைத் தேடுவதற்கு உணர்ச்சி மட்டுமே காரணமன்று, பொறியியலும் காரணம். 1929இன் மாடல் ஏ வேகனின் ஆற்றல் 40 குதிரைத்திறன். அதன் இயல்பான ஓட்டம் மணிக்கு 45 மைல் அளவே. புளூ ரிட்ஜ் சாலையின் விரைவு எல்லையும் அதுவே என்பது வியப்பான பொருத்தம். விரைவுச்சாலையில் பின்வரும் வண்டிகளுக்கு அது தடை. மலைச்சாலையில் அது தகுதி. அதன் கியர்களைத் தாமே இசைவிக்கும் அமைப்பு அதில் இல்லை. கிளட்சை இருமுறை மிதித்து, இயந்திரத்தின் சுழற்சியைச் செவியால் அறிந்து மாற்றவேண்டும். மலையேறும்போது காற்று மெலிய, எரிபொருட் கலவையைக் கைத்திருகால் குறைத்துக்கொள்ள வேண்டும். இறக்கத்திற்கு முன்பே சிறிய கியருக்கு மாறி, இயந்திரத்தின் இழுவையாலேயே வண்டியைத் தாங்கவேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் சூடேறி அது பிடியிழக்கும். சுரங்கவழியில் விளக்கின் ஒளி மங்கல். வளைவுதோறும் மரமூட்டுகள் ஓசையிடும். எந்த ஓசை இயல்பானது, எது எச்சரிக்கை என்று ஓட்டுநர் பிரித்தறிய வேண்டும்.

அதாவது பழைய வண்டி தன்னை ஓட்டுபவரிடம் முழுக்கவனத்தை வேண்டுகிறது. ஏறுவது ஏற்றம் என்றும் இறங்குவது இறக்கம் என்றும் அது உணர்த்துகிறது. புதிய ஊர்திகள் நிலத்தின் இயல்பை மறைத்து உதவுகின்றன. பழையவை அதனைத் தெரிவித்து உதவுகின்றன. அச்சாலைகளும் என்றும் நிலைத்திருக்கும் என்று கருதிவிட முடியாது. 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலால் புளூ ரிட்ஜ் சாலை முழுவதும் மூடப்பட்டது. வடகரோலினாப் பகுதியில் மலைச்சரிவுகள் பல இடங்களில் சாலையை அழித்தன. அதன்பின் பகுதி பகுதியாகவே போக்குவரத்து மீண்டது.

நிறைவாக

மரவேகனைப் புதுப்பிக்கும் தச்சர் முதலில் செய்வது மெருகேற்றுதல் அன்று. பழைய வார்னிஷைத் தேய்த்தெடுத்து, மக்கிய பகுதி எது, உறுதியான பகுதி எது என்று காண்பதே முதற்பணி. மக்கியதன்மேல் பூசினால் சில திங்கள் பளபளக்கும். பின்னர் மூட்டுவாய் விட்டுப்போகும். பழமையைப் போற்றும் பணி எதற்கும் இவ்விதி பொருந்தும்.

ஸ்டேஷன் வேகனின் வரலாற்றில் அயன் மவுண்டன் தொழிலாளரின் கைத்திறன் உண்டு. குழந்தைகள் பின்னோக்கி அமர்ந்து கண்ட சாலையின் இன்பம் உண்டு. அதனோடு மலையிலிருந்து இறக்கப்பட்ட 500 குடும்பங்களும், லூயிஸ் மலையின் வேலியும், இரவில் நிற்க இடமின்றி வண்டிக்குள் உறங்கிய குழந்தைகளும் உண்டு. முதலிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குவது, எஃகின்மேல் மரப்படம் ஒட்டுவதைப் போன்றதே. அனைத்தையும் ஒருசேர ஏற்பதால் அச்சாலையின் அழகு குறைந்துவிடாது. மலை அங்கேயே இருக்கிறது, வளைவும் அங்கேயே இருக்கிறது. 45 மைல் வேகத்தில் செல்பவர்க்கு அக்காட்சியோடு, அதன் விலையாக எவர் எதைக் கொடுத்தார் என்பதையும் எண்ணிப் பார்க்கப் போதிய நேரம் உண்டு. பழைய வண்டி நமக்கு அளிக்கும் பெருங்கொடை அந்த நேரமே எனலாம்.